சுக்கானைப் பிடித்திருந்தவர்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பின் இரும்புக் கவசக் கப்பலான மானிட்டரின் கதையை யார் சொன்னாலும், அதை வடிவமைத்த எரிக்சனைச் சொல்வார்கள், கேப்டன் வோர்டனைச் சொல்வார்கள். சுக்கானைப் பிடித்திருந்தவரைச் சொல்வது அபூர்வம். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

அவர் பெயர் பீட்டர் வில்லியம்ஸ். பெயரைக் கேட்டால் தோன்றாது, ஆனால் பிறந்தது நார்வேயில்.

அந்தக் கப்பலின் சுக்கானே முதலில் தகராறு. 1862 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய கப்பல், ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் தள்ளாடித் திரும்பிவிட்டது. சரிசெய்து மார்ச் 6 கிளம்பினால் வழியில் கடல் கொந்தளிப்பு. உள்ளே தண்ணீர் இறங்கி, இன்ஜின் அறையில் புகை சூழ்ந்து ஆட்கள் மயங்கி விழுந்தார்கள். 8ஆம் தேதி இரவு ஹாம்ப்டன் ரோட்ஸ் என்ற துறைமுகப் பகுதிக்கு வந்து சேர்ந்தபோது, பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் இரும்புக் கப்பலான வர்ஜீனியா அன்று பகலில் தாக்கிய காங்கிரஸ் என்ற போர்க்கப்பல் எரிந்துகொண்டிருந்தது. விடிந்ததும் அதே வர்ஜீனியாவோடு சண்டை. உலகத்தில் இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள் மோதியது அதுவே முதல் முறை.

வில்லியம்ஸ் நின்ற இடத்தை நினைத்துப் பாருங்கள். கனமான இரும்புக் கட்டைகளை அடுக்கிய ஒரு கூண்டு, தளத்துக்கு மேலே சுமார் நாலடி உயரம். உள்ளே வோர்டன், வழிகாட்டி ஹோவர்ட், சக்கரத்தைப் பிடித்தபடி வில்லியம்ஸ். வெளியே பார்க்க ஒரு கீற்று இடைவெளி, அவ்வளவுதான். ஏறக்குறைய நான்கு மணி நேரச் சண்டையில், நண்பகல் வாக்கில் அந்தக் கீற்றின் மேலேயே ஒரு குண்டு வெடித்தது. முகமெல்லாம் கருகி, கண் தெரியாமல் போன கேப்டனைக் கீழே கொண்டுபோனார்கள். சண்டை முழுக்கக் கப்பலைச் செலுத்தியவர் வில்லியம்ஸ் என்று அவருடைய விருதுக் குறிப்பு சொல்கிறது.

பீரங்கி சுடுகிறவருக்குத் திருப்பி அடிக்கிற ஆவேசமாவது துணை. சுக்கானிக்கு அதுவும் கிடையாது. குண்டு விழுகிற இடத்தில் நின்று கையை நிதானமாக வைத்திருக்க வேண்டும். அதனால்தான் 1863 ஏப்ரலில் அவருக்குக் கிடைத்த மெடல் ஆஃப் ஹானர் என்ற அமெரிக்க வீர விருது மிகச் சரியான ஆளுக்குப் போனது என்கிறேன். கடற்படையில் அப்போது அது அதிகாரிகளுக்குக் கிடையாது, சாதாரண மாலுமிகளுக்கு மட்டும்தான்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு எதிராகவே ஒரு கட்சி 1850களில் அதே அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது. அப்புறம் பத்தாண்டுக்குள் அந்த நாட்டைக் காக்க வந்த கப்பலை வடிவமைத்தவர் சுவீடனில் பிறந்தவர், ஓட்டியவர் நார்வேயில் பிறந்தவர். எரிக்சனுக்காவது வாஷிங்டனில் நினைவுச் சின்னம் இருக்கிறது. இனி மானிட்டர் கதையைப் பகிர்கிறவர்கள் தயவுசெய்து பீட்டர் வில்லியம்ஸ் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.