டிரெய்னி கையில் லேசிக்கா?

1819-ல் தொடங்கிய எழும்பூர் கண்ணாஸ்பத்திரி முதல் இன்றைய தனியார் மருத்துவமனைகள் வரை, சென்னையில் கண் டாக்டர்கள் கற்றுக்கொண்டது நம் கண்களில்தான். சீனியர் பக்கத்திலேயே நின்று பார்க்கிறார் என்றால் பயிற்சியில் இருக்கும் டிரெய்னி டாக்டர், கண்ணாடி பவரை லேசரால் போக்கும் லேசிக் அறுவையைச் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லாமல் செய்வதில்தான் ஆட்சேபம்.

கருவிழியைச் செதுக்குவது 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசர். எவ்வளவு என்பது முன்பே மெஷினில் ஏற்றிய கணக்கு. கண் லேசாக அசைந்தால் டிராக்கர் கூடவே போகும், ரொம்ப அசைந்தால் லேசர் நின்றுவிடும். மேற்பார்வையில் டிரெய்னிகள் செய்த கண்களின் பார்வை, ஆய்வுகளில் பெரும்பாலும் சீனியர்களுக்கு ஈடாக வருவது இதனால்தான். (அவர்களுக்குத் தருவது பெரும்பாலும் சுலபமான கண்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.)

பெரிய ஆபத்து தியேட்டருக்கு முன்பே, கருவிழியின் தடிமனையும் வடிவத்தையும் அளக்கும் ஸ்கேனில் இருக்கிறது. 490 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் கருவிழி, மைனஸ் 9 பவர் என்று வையுங்கள். லேசருக்கு வழிவிடத் தூக்கும் மேல் மடலான ஃபிளாப்புக்கு 110, பவர் ஒன்றுக்குச் சுமார் 15 வீதம் 135. மிச்சம் 245. குறைந்தது 250 வேண்டும், பலர் 300 கேட்பார்கள். இந்தக் கண்ணில் எந்தப் பேராசிரியர் லேசிக் செய்தாலும் தப்புதான். பின்னாளில் கருவிழி கூம்பாகப் புடைக்கலாம். முந்தின நாள் வரை காண்டாக்ட் லென்ஸ் போட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போனால் அந்த அளவே பொய். சாஃப்ட் லென்ஸை ஒன்றிரண்டு வாரம் முன்பே கழற்ற வேண்டும், ஹார்ட் லென்ஸ் என்றால் இன்னும் அதிகம்.

கைப்பழக்கம் தெரிவது ஃபிளாப்பில். தூக்கிய பின் தயங்கிக்கொண்டே நின்றால் உள்ளடுக்கு காய்ந்து லேசர் கூடுதலாகச் செதுக்கும். ஈரம் தேங்கினால் குறைவாக. திரும்ப வைக்கும்போது ஓரத்து இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்து, ஈர ஸ்பாஞ்சால் மெல்ல நீவிவிட வேண்டும். சுருக்கம் விழுந்தால் மறுநாள் செக்கப்பில் தெரியும். அப்போதே தூக்கிச் சரிசெய்வது எளிது, வாரக்கணக்கில் விட்டால் படிந்துவிடும். அந்தச் செக்கப்பைச் சீனியரே பார்க்கட்டும்.

சிலிண்டர் பவர், அதாவது கருவிழி ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வளைந்திருப்பதற்கான பவர், தனி வம்பு. உட்கார்ந்திருந்த கண், படுத்ததும் சற்றுச் சுழலும். அந்தத் திசையின் அச்சு 15 டிகிரி தப்பினால் திருத்தத்தில் பாதி போச்சு.

லேசிக்கில் கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து மட்டும்தான், ஆள் விழித்தே கிடப்பார். “அவசரப்படாத, மெதுவா தூக்கு” என்று தலைமாட்டில் குரல் கேட்ட பிறகா அவருக்கு விஷயம் தெரிய வேண்டும்? யார் செய்வார், யார் கூட நிற்பார் என்று கவுன்சிலிங்கிலேயே தமிழில் சொல்லிக் கையெழுத்து வாங்கட்டும்.

நீங்களும் கேளுங்கள்: என் ஸ்கேனை ஓகே செய்தது யார், லேசருக்குப் பிறகு எத்தனை மைக்ரான் மிஞ்சும்? எண் சொல்லாமல் “எல்லாம் நார்மல்” என்றால், ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் காட்டுங்கள்.