என் சம்பளம் இருக்கட்டும், அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்கு யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருப்பார்கள், அந்தச் சேவை நம் வட்டத்தில் குறைவில்லாமல் நடக்கிறது. ஆனால் நேற்று ஒருவர் இன்பாக்ஸுக்கு வந்து, "விடுங்க, உங்க பக்கம் கொஞ்சம் வீக்தானே" என்று ஆறுதல் சொன்னார். எந்தப் பக்கம் ஐயா? நான் எந்தப் பக்கமும் பேசவில்லையே. நம் வட்டத்து அண்ணன் ஒருவர் மாத்திரையை விடப் பொடி மேல் என்று ஒரு கிராஃப் போட்டிருந்தார், அதில் ஒரு கோடு 90இல் தொடங்குகிறது என்றேன், அவ்வளவுதான்.

அண்ணன் போட்ட கிராஃபை மறுபடி ஒருமுறை திறந்து பாருங்கள். இரண்டு பட்டைகள். ஒன்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, இன்னொன்று பொடி சாப்பிட்டவர்களுக்கு. பொடியின் பட்டை மாத்திரையின் பட்டையைப் போல மூன்று மடங்கு உயரம். மேலே சிவப்பில் "நீங்களே பாருங்கள்" என்று எழுதியிருக்கிறது. சரி என்று நானும் பார்த்தேன். இடது ஓரத்துக் கோட்டின் அடியில், படத்தைப் பெரிதாக்கினால்தான் தெரியும் அளவுக்குப் பொடியாக, 90 என்று போட்டிருந்தது. பூஜ்யம் இல்லை, 90. மாத்திரைக்கு 92, பொடிக்கு 96. 90இலிருந்து அளந்தால் ஒன்று 2, இன்னொன்று 6, ஆகவே கண்ணுக்கு மூன்று மடங்கு. அதையே பூஜ்யத்திலிருந்து வரைந்தால் இரண்டு பட்டையும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும். பொடி வேலை செய்யாது என்று நான் எங்கேயாவது சொன்னேனா? 92ஐ விட 96 பெரியது என்பது எனக்கும் தெரியும், இருபது வருடமாகக் கணக்குப் பிரிவில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு அண்ணனிடமிருந்து வந்த பதில்: "மருந்துக் கம்பெனியில சம்பளம் வாங்குறவர் வேற எப்படிப் பேசுவார்?"

முடிந்தது. 90க்கு என்ன பதில் என்று ஒருவரும் கேட்கவில்லை. நூற்றுக்கும் மேல் லைக்.

நான் மருந்துக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன். மறைத்ததில்லை, புரொஃபைலிலேயே இருக்கிறது. ஆனால் என் சம்பளத்தை யார் கொடுத்தாலும் அந்தக் கோடு 90இல்தான் தொடங்குகிறது. நான் நாளைக்கே வேலையை விட்டுவிட்டுப் பொடி விற்கப் போனாலும் 90இல்தான் தொடங்கும். நான் செத்துப்போனாலும் அப்படித்தான். என்னை நம்பச் சொல்லி நான் கேட்கவே இல்லை, கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இந்தத் தவறுக்கு ஒரு பெயரும் உண்டு, ஜெனடிக் ஃபாலஸி. 1934இல் மோரிஸ் கோஹனும் எர்னஸ்ட் நேகலும் எழுதிய தர்க்கப் பாடநூலிலேயே வந்துவிட்டது. ஒரு கருத்து சரியா தப்பா என்று பார்க்காமல், அது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் காட்டி ஓரங்கட்டுவது. "வந்துட்டாருய்யா ஃபாலஸிக்குப் பேர் சொல்றவரு" என்று நீங்கள் முனகுவது கேட்கிறது. நியாயம்தான், எதற்கெடுத்தாலும் லத்தீன் பெயரைத் தூக்கி வீசுகிறவர்களை எனக்கும் பிடிக்காது. பெயர் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பெயரே இல்லாவிட்டாலும் கோடு 90இல்தான் தொடங்கும்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராளுமை ஹார்டிக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டார் தெரியுமா? சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் (என் இனம்!) குமாஸ்தா, வருடத்துக்கு 20 பவுண்டுதான் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், நிரூபணம் இல்லாமல். இதற்கு முன்பு ராமானுஜன் எழுதிப் பார்த்த கேம்பிரிட்ஜ்காரர்கள் பேக்கரும் ஹாப்சனும் உதவவில்லை. ஹார்டி மட்டும் சக கணித அறிஞர் லிட்டில்வுட்டைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு அந்தத் தாள்களை வரிவரியாகப் பார்த்தார். சில முன்பே தெரிந்தவை, சில அவரையே மலைக்க வைத்தவை. பகா எண்களைப் பற்றி ராமானுஜன் சொன்னவற்றில் தப்பும் இருந்தது, அதையும் ஹார்டிதான் கண்டுபிடித்தார். குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவில் காட்டினாள் என்று ராமானுஜன் சொல்வாராம். தாயார் காட்டியது என்பதற்காக ஒரு சூத்திரம் சரியாகிவிடவில்லை, அதற்காகத் தப்பாகிவிடவும் இல்லை. ஒவ்வொன்றையும் போட்டுத்தான் பார்த்தார்கள். நல்ல வேளை, அவர்கள் கையில் நம் ஆட்களின் லைக் பட்டன் இல்லை.

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன், இதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். "காசு வாங்குறவன் பேச்சை எப்படிங்க நம்புறது?"

நம்ப வேண்டாம். சோதியுங்கள். காசு வாங்குகிறான் என்று தெரிந்தால் இரண்டு தடவை சோதியுங்கள், தப்பே இல்லை. சோதிக்காமல் இருப்பதற்குத்தான் அதைச் சாக்காகச் சொல்லக் கூடாது.

சிகரெட் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரொனால்ட் ஃபிஷர் புள்ளியியலின் பிதாமகர்களில் ஒருவர். 1950களின் கடைசியில் அவர், சிகரெட்டால்தான் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பது நிரூபணமாகவில்லை, புகைக்கும் ஆசையையும் நோயையும் ஒரே மரபணு கொண்டுவரலாம் என்று வாதாடினார். பைப் பிடிப்பவர். புகையிலைக் கம்பெனிகளுக்கு ஆலோசகராகவும் இருந்தார். நம் வட்டமாக இருந்தால் அந்தக் கடைசி வரியோடு கதை முடிந்திருக்கும். ஆனால் 1959இல் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் அவருடைய சகாக்களும் வாதத்துக்கே பதில் எழுதினார்கள். புகைப்பவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஒன்பது மடங்கு என்றால், அதை ஒரு மரபணு மட்டுமே விளக்க வேண்டுமானால், அந்த மரபணுவும் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும். அப்படி ஒன்று எங்கே, காட்டு. ஃபிஷர் யாரிடம் காசு வாங்கினார் என்ற பேச்சே இதற்குத் தேவைப்படவில்லை.

"பார்த்தீங்களா, காசு வாங்கினவர் சொன்னது தப்பாத்தானே போச்சு, எங்க சந்தேகம் சரிதானே?" என்பீர்கள். சரி, அதே அளவுகோலை இங்கேயும் வையுங்கள். 1943இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஷைரர், ஷோனிகர் என்ற இருவர் புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு காட்டி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே இருந்த புகையிலை ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தது ஹிட்லரின் அலுவலகம். இதை விடக் கேவலமான முகவரி உலகத்தில் உண்டா? ஆனால் அவர்கள் சொன்ன தொடர்பு உண்மை. 1950இல் இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. ஃபிஷர் விஷயத்தில் உங்கள் அளவுகோல் சரியான விடை சொன்னது குருட்டாம்போக்கில். யேனா விஷயத்தில் அதே அளவுகோல் உங்களை இன்னொரு பாக்கெட் வாங்க வைத்திருக்கும்.

ஆளைப் பார்க்க வேண்டிய இடமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. "நான் என் கண்ணால பார்த்தேன்" என்று ஒருவர் சாட்சி சொன்னால், அவர் பேச்சைத் தவிர நம் கையில் வேறு எதுவும் இல்லை. அப்போது அவர் யார், எவருக்கு வேண்டியவர், முன்பு பொய் சொன்னவரா என்றெல்லாம் கேட்டே ஆக வேண்டும். குறுக்கு விசாரணையே அதற்குத்தான். நான் சாட்சி சொன்னேனா? எண் படத்திலேயே இருக்கிறது. உங்கள் படத்தில். நீங்கள் போட்ட படத்தில்.

"நீ மட்டும் யோக்கியமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை.

அதைச் சொல்லியே ஆக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், வருடக் கணக்கு முடிக்கும் நேரம், இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல் 540 இடித்தது. இரண்டு நாள் ராத்திரி பகலாகத் தேடினோம். கோப்பு எடுத்துக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார், எட்டாவதுகூடத் தாண்டாதவர். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "சார், 540 ஒன்பதால வகுபடுது. நம்பர் இடம் மாறி விழுந்திருக்கும், அந்த மாதிரி தேடுங்க" என்றார். நான் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். "பெரியவரே, டீ வருமா பாருங்க" என்றேன். மறுநாள் சாயங்காலம் கிடைத்தது, 7820 என்பதை யாரோ 7280 என்று ஏற்றியிருந்தார்கள். இரண்டு இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும் என்பது கணக்கு எழுதுபவர்களின் பழைய சூட்சுமம். நான் படித்துப் பாஸ் பண்ணியும் மறந்திருந்தேன். அவர் முப்பது வருடம் கணக்கர்களுக்குப் பின்னால் நின்றே கற்றிருந்தார். கிடைத்தது என்று அவரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அந்த ஒற்றை வரியைப் படித்ததும் சுருக்கென்றது. அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. சொன்னது தப்பு என்று யாராவது நிரூபித்திருந்தால் ஏற்றுக்கொண்டு போயிருப்பேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் சொல்லப்போவது தப்பு என்று முடிவாகிவிட்டால், அப்புறம் நான் என்னத்தைச் சொல்வது? "கம்பெனி ஆள்" என்று ஒட்டிவிட்டால் நாளைக்கு மழை வரும் என்று சொன்னால்கூட, குடை விற்கக் கமிஷனா என்று கேட்பார்கள்.

அண்ணனின் முகப்புப் படத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள், 423ஆம் குறள். எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும். பொன்னிற எழுத்தில், பின்னணியில் சூரிய உதயம். நான்கு வருடமாக அதுதான் இருக்கிறது. 'யார்யார்' என்பதில் என்னை மட்டும் கழித்துவிட்டார் போல.

அந்த வரியை யாரோ முன்பின் தெரியாதவர் எழுதியிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அவர் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை எங்கேயும் கிடைக்கவில்லை என்று ராத்திரி பதினொன்றரைக்குச் சீட்டைப் படம் எடுத்து எனக்குத்தான் அனுப்பினார். எங்கே ஸ்டாக் இருக்கிறது என்று நான்கு பேரை எழுப்பிக் கேட்டுச் சொன்னேன். அப்போது எனக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. அன்றைக்கு நான் தம்பி. சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன், வலிக்கிறது, அதனால்.

அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அப்பாவுக்கு வாங்கி வைத்தது இந்த 18ஆம் தேதியோடு தீர்கிறது, எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடைக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டேன், போய் வாங்கிக்கொள்ளுங்கள்.