நோட்ஸ் வைத்து வாசித்தால் என்ன குறைந்துவிடும்?

அடுத்த வாரக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். எழுபதைத் தாண்டிய பியானோ கலைஞர், இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் கடைசி மூன்று சொனாட்டாக்களை (பல பகுதிகள் கொண்ட நீண்ட பியானோ படைப்புகள்) ஒரே மாலையில் வாசிக்கிறார். கூட வரச் சொல்லி ஒரு நண்பரைக் கூப்பிட்டேன். "அவர் இப்பல்லாம் நோட்ஸ் வச்சுக்கிட்டுத்தானே வாசிக்கிறார், ஐம்பது வருஷமா மேடையில இருந்தும் இன்னுமா மனப்பாடம் ஆகல?" என்கிறார் (நோட்ஸ் என்றால் இசையை எழுதி வைத்த புத்தகம்). அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

முதலில் ஒன்று. பார்க்காமல் வாசிப்பது ஆதிகாலத்துச் சட்டம் ஒன்றும் இல்லை. 1837-ல் பெர்லினில் பியானோ கலைஞர் கிளாரா ஷூமன் (அப்போது கல்யாணம் ஆகவில்லை, பதினேழு வயது) பீத்தோவனை நோட்ஸ் இல்லாமல் வாசித்தபோது, என்ன திமிர் இந்தப் பெண்ணுக்கு என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். 'ரிசைட்டல்' (தனிக் கச்சேரி) என்கிற பெயரே 1840-ல் லண்டனில் பியானோ கலைஞர் லிஸ்ட் நடத்திய கச்சேரிகளோடுதான் வந்தது. அவரும் கிளாராவும் பழக்கிவிட்டது பிறகு எல்லோர் கழுத்திலும் ஏறிவிட்டது. அன்றைக்கு வைக்காவிட்டால் திமிர், இன்றைக்கு வைத்தால் பலவீனம். நல்ல நியாயம்!

போன நூற்றாண்டின் பெரிய பியானோ கலைஞர் ரிக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மலைபோல இசையை மண்டையில் வைத்திருந்த மனிதர். வயதான பிறகு அவர் காதில் ஸ்வரமே தள்ளிக் கேட்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் என்ன செய்தார்? அரங்கை இருட்டாக்கி, நோட்ஸ் மேல் ஒரு சின்ன விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தார். யாராவது அவருக்கு மறந்துபோச்சு என்பார்களா?

இன்னொன்றும் இருக்கிறது. வயலின்காரர் தன் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம், பியானோகாரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெரிய கச்சேரி பியானோ ஒன்று கிட்டத்தட்ட 500 கிலோ, இரண்டே முக்கால் மீட்டர் நீளம். ஹொரோவிட்ஸ் மாதிரி சிலர் சொந்தப் பியானோவையே கூட அனுப்ப வைத்தார்கள், சரி, எல்லோராலும் முடியுமா? ஊருக்கு ஊர் அங்கே இருப்பதில்தான் உட்கார வேண்டும், ஒன்றில் கட்டை கனமாக இருக்கும், இன்னொன்றில் மேல் ஸ்வரங்கள் கீச்சென்று கேட்கும், மத்தியானம் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்துவிட்டு ராத்திரி அதோடு குடும்பம் நடத்த வேண்டும். வருஷக்கணக்காகப் பென்சிலால் கிறுக்கிய அந்தப் புத்தகம் ஒன்றுதான் அந்த மேடையில் அவருக்குத் தெரிந்த முகம். அதையும் பிடுங்க வேண்டுமா?

சொன்னால் வெட்கம், ஆனாலும் சொல்கிறேன். நான் ஒருமுறை ஒரு கலைஞருக்குப் பக்கம் புரட்ட உட்கார்ந்தேன். அவர் தலையை அசைக்கும்போது எழுந்து மேல்முனையைப் பிடித்துத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. வியர்த்த விரலில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே வந்துவிட்டது. எனக்கு ரத்தம் உறைந்துபோனது. அவர் நிறுத்தவே இல்லை. தப்பான பக்கம் முன்னால் இருக்க, சரியான இசை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏழெட்டு 'பார்' (நோட்ஸில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்) போனதும் இடது கைக்கு ஓய்வு கிடைத்த நொடியில் அந்தத் தாளை அவரே ஒரு தட்டுத் தட்டித் திருப்பினார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். மனப்பாடம் ஆகாதவர் செய்கிற காரியமா அது?

ஷூபர்ட் அந்த மூன்றையும் எழுதி முடித்தது 1828 செப்டம்பரில், நவம்பரில் போய்விட்டார், 31 வயது. கடைசி சொனாட்டாவின் தொடக்கத்திலேயே, எட்டாவது பாரில், பாட்டு அடங்கி நிற்க, இடது கை அடிமட்டத்தில் இரண்டு கட்டைகளை மெல்ல உறும வைக்கும், பிறகு ஒன்றுமே இருக்காது. அந்த 'ஒன்றுமே இல்லாததை' அவர் எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறார் என்று கேட்கத்தான் போகிறேன். கை தெரிகிற மாதிரி இடது பக்க சீட்டாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். பக்கத்து சீட் நேற்று வரை காலியாகத்தான் இருந்தது, நண்பரிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன்.