எதற்கு இந்த மாத்திரை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் டாக்டர்

அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் பாதத்தில் எரிச்சல், போர்வை பட்டால்கூடத் துடித்துப்போவார். மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார், ராத்திரிக்கு ஒன்று. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்திருக்கிறார். மனச்சோர்வுக்கான மருந்து என்று அதில் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, துவைக்க எடுத்த தலையணை உறைக்குள்ளிருந்து மாத்திரைகள் கொட்டின. கேட்டதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வலின்னு சொன்னதை அவர் நம்பவே இல்ல. மனசுலதான் கோளாறுன்னு நினைச்சுட்டார்."

அந்த மருத்துவர் கொடுத்தது தவறான மருந்தே இல்லை. நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படுகிறது, அதுவும் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவில். இப்படி, மருந்தை விற்க அரசு கொடுத்த உரிமத்தில் இல்லாத நோய்க்கோ வயதுக்கோ அளவுக்கோ ஒரு மருந்தை எழுதுவதை ஆஃப் லேபிள் என்கிறார்கள். மருந்து நிறுவனம் எந்த நோய்க்கு ஆதாரம் காட்டி விண்ணப்பிக்கிறதோ அதற்குத்தான் உரிமம் கிடைக்கும். காப்புரிமை முடிந்து விலை குறைந்துபோன பழைய மருந்துக்கு இன்னொரு பயன் தெரியவந்தால், அதற்காகக் காசைக் கொட்டி மறுபடி சோதனை நடத்திப் புது உரிமம் வாங்க யாரும் பெரிதாக முன்வருவதில்லை. வயிற்றுப்புண்ணுக்கு வந்த மிசோப்ரோஸ்டால், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தி எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியிருக்கிறது. பச்சிளம் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்துகள் பலவும் இப்படித்தான், அவர்களை வைத்துச் சோதனை நடத்துவது அவ்வளவு கடினம். அதனால் ஆஃப் லேபிளையே தடை செய்யச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. காபாபென்டின் 1993இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்கு அனுமதி பெற்றது. உரிமமே இல்லாத பல நோய்களுக்கு அதைத் தள்ளிவிட்ட வழக்கில், 2004இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 43 கோடி டாலர் கட்டியது. உடல் எடை குறைக்க ஃபென்ஃப்ளூரமினையும் ஃபென்டர்மினையும் சேர்த்துக் கொடுத்தார்கள், சேர்த்துக் கொடுக்க அனுமதியே கிடையாது. இதய வால்வு கெட்டுப்போனது தெரிந்து 1997இல் ஃபென்ஃப்ளூரமினைத் திரும்பப் பெற்றார்கள். 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மருந்துச் சீட்டுகளில் சுமார் 21 சதவீதம் ஆஃப் லேபிள் என்றும், அவற்றில் 73 சதவீதத்துக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. அந்த 73ஐப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சரி, நம் கையில் இருப்பது இந்த ரகமா அந்த ரகமா என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? மருத்துவர் சொன்னால்தான் தெரியும். "இதன் உரிமம் வேறு நோய்க்கு, உங்களுக்கு இந்தக் காரணத்தால் கொடுக்கிறேன், இதற்கு இவ்வளவு ஆதாரம் இருக்கிறது." அரை நிமிடம்கூட ஆகாது. நேரமில்லை என்று சொல்லாதீர்கள். அந்த அரை நிமிடம் கிடைக்காததால்தான் அம்மா மூன்று வாரம் எரிச்சலோடு படுத்திருந்தார். வலியைவிட, தன்னை நம்பவில்லை என்பதுதான் அவரை அரித்திருக்கிறது.

அப்புறம் வேறொரு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவரும் அதே மாத்திரையைத்தான் எழுதினார். பக்கத்திலேயே "கால் நரம்பு வலிக்கு" என்று தமிழில் எழுதி, அம்மாவிடம் வாய்விட்டுப் படித்தும் காட்டினார். அன்று ராத்திரியே அம்மா மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.