மாத்திரையை நிறுத்தச் சொன்னவருக்குக் கைதட்டினவங்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்துல நடந்த கூட்டத்தைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா அந்த வீடியோ நேத்து ராத்திரியிலிருந்து பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரைன்னு எல்லா குரூப்லயும் சுத்துது. "சுகர் மாத்திரைதான் ரத்தக்குழாயைக் கெடுக்குது, நிறுத்திட்டு கருப்பட்டிக்கு மாறுங்க"ன்னு மேடையில பேசுனவர் மைக்ல சொல்றார். நம்ம சனம் கைதட்டுது.

ரத்தக்குழாயைக் கெடுக்குறது சர்க்கரை. மாத்திரை இல்ல.

ரத்தத்துல சர்க்கரை ஏறியே கிடந்தா குழாயோட உள்சவ்வு புண்ணாகுது. குழாயை விரிய வைக்கிற நைட்ரிக் ஆக்ஸைடு குறையுது, கொழுப்பு படியுது. முதல்ல அடிவாங்குறது பொடிக்குழாய்கள்: கண்ணு, கிட்னி, கால் நரம்பு. நம்மள்ல நிறைய பேர் போடுற சுகர் மாத்திரையான மெட்பார்மின், ஈரல் கொட்டுற சர்க்கரையைக் குறைக்குது. பிரிட்டன்ல வருசக்கணக்கா நடந்த ஆய்வோட முடிவு 1998-ல வந்துச்சு. உடல் எடை கூடுன சர்க்கரை நோயாளிகள்ல, மெட்பார்மின் எடுத்தவங்களுக்கு, உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்புனவங்களை விட மாரடைப்பு 39 சதவீதம் குறைவு. மாத்திரை குழாயை அடைச்சிருந்தா இது எப்படிக் குறையும்?

எங்க சித்தி பாசி எடுக்கப் போறவ. விரல்ல துணி சுத்திக்கிட்டு இடுப்பளவு தண்ணில பாறை பாறையாத் தடவி எடுக்குற வேலை. இதே மாதிரி ஒரு வாய்ஸ் மெசேஜ் கேட்டுத்தான் மாத்திரையை விட்டா. ஏற்கெனவே கால் மதமதன்னு இருந்துச்சு. பாறை கிழிச்சது அவளுக்குத் தெரியவே இல்ல. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டுனப்போ உள்ளே ரத்தம் நனைஞ்சு கிடந்ததைப் பார்த்தது என் தங்கச்சி. புண் ஆறல. கட்டை விரலை எடுத்தாச்சு. இப்போ பாறையில கால் ஊன முடியல, கடலுக்குப் போறதும் நின்னு போச்சு. மெசேஜ் அனுப்புனவர் ஒரு தடவை கூட வந்து பார்க்கல.

"மாத்திரை கிட்னியைத் தின்னுடும்"னு கமெண்ட் வரும். கிட்னி ரொம்பத் தளர்ந்தா மெட்பார்மின் உடம்புல தங்கிடும், அதனாலதான் டாக்டர் குறைக்கிறார், நிறுத்துறார். கிட்னி கெட்டதால மாத்திரையை நிறுத்துறாங்க. நீங்க அதை அப்படியே தலைகீழாச் சொல்றீங்க. மெட்பார்மினால வைட்டமின் பி12 குறையும்ங்கறது உண்மை, அதுக்கு டெஸ்ட் இருக்கு. ரோசிகிளிட்டசோன்னு ஒரு மாத்திரையை இதயத்துக்கு ஆபத்துன்னு 2010-ல இந்தியாவுல தடை பண்ணதும் உண்மை. அந்தச் சந்தேகத்தைக் கிளப்புனதே டாக்டர்கள்தான். அந்த ஒண்ணை வச்சு எல்லா மாத்திரையையும் கடல்ல வீசச் சொல்லுவீங்களா?

"டாக்டருங்க காசு பார்க்குறாங்க"ன்னும் சொல்லுவீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல இந்த மாத்திரை இலவசம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க. அன்னைக்கு மண்டபத்து வாசல்ல மேசை போட்டு பொடி டப்பா வித்தது யாரு?

பனைக்கு எதிரிங்கறீங்க. எங்க தாத்தா பனையேறி. பதநீர் காய்ச்சுற புகையில வளர்ந்தவன்டா நான். கருப்பட்டி நம்ம மண்ணோட பொருள்தான், ஆனா அதுவும் சர்க்கரைதான். அதைச் சொன்னா துரோகியா? மேடையில பேசுறவருக்கு ஒரு பிற்பகல். பாசிக்கும் கருவாட்டுக்கும் போற பொம்பளைங்களுக்கு கால் போனா கஞ்சியே போச்சு.

அந்தக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்து மாத்திரையை விட்டவங்க நாளைக்கே சுகாதார நிலையம் போங்க. சுகர், பிரஷர், கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியேட்டினின் பார்த்துட்டு, குறைக்கலாமா கூடாதான்னு அங்கேயே கேளுங்க. கூட வர ஆள் இல்லைன்னா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, நான் வர்றேன்.