முடி குறைந்த பூனையும் தீர்வாகாது

ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு முடி குறைந்த பூனை ஏற்றது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தும்மலையும் இழுப்பையும் தூண்டும் புரதம் பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கிறது; பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அப்புரதம் உடலெங்கும் பரவி, காய்ந்து, நுண்துகளாகக் காற்றில் மிதப்பதால், முடியின் நீளத்தை நம்பிப் பூனையைத் தெரிவு செய்ய முடியாது. ஹற்றனில் மழைக்காலம் முழுவதும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் எங்கள் லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்), பூனை படுத்த கம்பளியை மகள் போர்த்திக்கொண்ட இரவுகளில் அவளுடைய நெஞ்சு விசில்போல் கீச்சிட்டது. பூனையை அக்கா வீட்டில் விட்டு, துணிகளையெல்லாம் வெந்நீரில் அலசிய பிறகும் அது அடங்கச் சில மாதங்கள் ஆயின. ஈரச் சுவரின் பூஞ்சணமே பிள்ளைகளை வாட்டும் இம்மலைப் பகுதியில், பிராணியைக் கொண்டுவருமுன் எதனால் ஒவ்வாமை என்று அறிய மருத்துவரிடம் தோல் பரிசோதனை செய்துகொள்வது மிகவும் அவசியம். இப்போது எங்களிடம் இருப்பவை நான்கு கப்பி மீன்கள். இரை போடும் வேலையை மகள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.