மாத்திரையை விடுறதுக்குப் பேர் முழுமையான சிகிச்சை இல்லை

அண்ணே, மேலே "மனநல மாத்திரையைத் தொட்டா ஆயுசுக்கும் அடிமை, முழுமையான சிகிச்சைன்னா தியானம், நடை, சாப்பாடு மட்டும்தான்"னு போட்டிருக்கீங்க. பாதி சரி, மீதி ஆபத்து.

உடல், மனம், சூழல் மூணையும் சேர்த்துப் பார்க்கணும்னு 1977-ல் ஜார்ஜ் எங்கல்ங்கிற மருத்துவர் எழுதினார். மருந்தை விலக்கச் சொல்லலை, மருந்தோட நின்னுடாதீங்கன்னுதான் சொன்னார். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும். சில தூக்க மாத்திரை மாதிரி ஏங்க வைக்கிற ரகமும் இல்லை. ஆனா சட்டுனு நிறுத்தினா தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம்; டாக்டர் சொல்றபடி படிப்படியாத்தான் குறைக்கணும்.

எங்க அப்பத்தா யாரோ சொன்னாங்கன்னு நிறுத்திட்டு, நாலாம் நாள் வளவுத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. ஓயாம கொட்டான் (பனையோலைக் கூடை) முடையுற கை, ஓலையையே தொடலை. திரும்ப மாத்திரை, கூடவே மத்தியானம் பக்கத்து வீட்டு ஆச்சிகளோட முடைச்சல். ரெண்டும் சேர்ந்துதான் தேறினாங்க. (ஆளே இல்லாத அத்தாம்பெரிய வீட்டுல தனியா கண்ணை மூடி உட்காருன்னா எப்படி?)

காரைக்குடியில யார்கிட்ட பேசுறதுன்னு கேட்ட தம்பிக்கு: அரசாங்கத்தோட மனநல உதவி போன் லைன் டெலி மானஸ், 14416. இலவசம், தமிழ்லயே பேசலாம், ராத்திரியும் எடுப்பாங்க.